பக்லிங் கேள்வி-பதில்: ஐகன்வேல்யூவையே கட்டிட்டு அழாதீங்க

கே: ஸ்டிரிங்கர் (ஸ்கின் முதுகுல ஒட்டற நீள விறைப்புப் பட்டை) வச்ச கார்பன் பேனலுக்கு சால் 105 (நாஸ்ட்ரானோட லீனியர் பக்லிங் கணக்கு, அமுக்கினா எந்த லோடுல நெளியும்னு சொல்றது) ஓட்டினேன், முதல் ஐகன்வேல்யூ, அதாவது போட்ட லோடுல எத்தனை மடங்குல பக்கிள் ஆகும்ங்கற நம்பர், 0.8. லிமிட் லோடுக்கு (பறக்கும்போது எதிர்பார்க்கற அதிகபட்ச லோடு) முன்னாடியே பேனல் உடைஞ்சிடும்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இந்த தடவை வந்ததுல பாதி இதே கேள்விதான். முதல்ல, எந்த லோடைப் போட்டு 0.8 வந்துச்சுன்னு எழுதவே இல்ல, லிமிட் லோடுன்னு நானா வச்சுக்கறேன். அந்த 0.8 சொல்றது ரெண்டு ஸ்டிரிங்கருக்கு நடுவுல ஸ்கின் அலையா வளைய ஆரம்பிக்கும்னு, அவ்வளவுதான். வளைஞ்ச ஸ்கின் தன் பங்கை ஸ்டிரிங்கர் பக்கம் தள்ளிவிடும், பேனல் அதுக்கப்புறமும் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு கூட தாங்கலாம். அலுமினிய விமானத்துல ஸ்கின் பக்கிள் ஆகறதை எத்தனையோ வருஷமா அனுமதிச்சு பறந்துட்டுதான் இருக்காங்க. கார்பன்ல அந்த தைரியம் இல்லாம இருந்துச்சு, அதுக்குத்தான் 2004லேர்ந்து 2008 வரைக்கும் ஜெர்மனியோட விமான, விண்வெளி ஆராய்ச்சி மையம் டிஎல்ஆர் தலைமையில கோகோமாட்னு ஐரோப்பிய ப்ராஜெக்ட் நடந்துச்சு. லிமிட்டுக்கு கீழயே ஸ்கின் பக்கிள் ஆகட்டும், டேமேஜ் லிமிட்டுக்கு மேலதான் தொடங்கணும், கொலாப்ஸ் (பேனல் மொத்தமா சரியறது) அல்டிமேட்டுக்கு, அதாவது லிமிட் லோடுல 1.5 மடங்குக்கு, கீழ வரவே கூடாது, இதான் அவங்க கணக்கு. அப்படி டிசைன் பண்ணணும்னா கொலாப்ஸை நம்பகமா கணிக்கணும், லீனியர் ஐகன்வேல்யூவுக்கு டேமேஜ்னா என்னன்னே தெரியாது.

டெஸ்ட்ல ஒரு தடவை நின்னு பாத்தா புரியும். ரெண்டு முனையையும் ரெசின்ல வார்த்து, ஸ்கின்ல கறுப்பு வெள்ளை புள்ளி அடிச்சு கேமரா வச்சு அமுக்குவாங்க. அலை தெரியும், லோடு ஏற ஏற டொக்குனு சத்தம் வந்து அலையோட எண்ணிக்கை மாறும், லோடு கொஞ்சம் இறங்கி திரும்ப ஏறும், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல. ஆனா ஒவ்வொரு அலையும் ஸ்டிரிங்கரோட அடிப்பட்டையை ஸ்கின்லேர்ந்து பிரிச்சு இழுத்துட்டே இருக்கு, ஒட்டு ஒரு இடத்துல திறந்துச்சுன்னா ஸ்கின் பிடிமானம் போயி ஸ்டிரிங்கர் தனியா முறுக்கிக்கும், ஒரே வெடியில எல்லாம் முடிஞ்சிடும். நீங்க கணிக்க வேண்டியது இதை. ஒரு ரிப்போர்ட்டுல முதல் மோடு (பக்கிள் ஆகற வடிவம்) கலர் படத்தைப் போட்டு மேல ஃபெய்லியர் லோடுன்னு தலைப்பு வச்சிருந்தாங்க, அதை நம்பி ஸ்கின்ல ரெண்டு ப்ளை (கார்பன் அடுக்கு) ஏத்தி வெயிட்டையும் ஏத்திட்டாங்க. இதுக்கு நேர் எதிர் கேஸ் இன்னும் மோசம், ஐகன்வேல்யூ 1.8 வந்துச்சேன்னு நிம்மதியா இருப்பாங்க, ஸ்டிரிங்கர் முடியற முனையில ஒட்டு அதுக்கு ரொம்ப முன்னாடியே பிரிஞ்சிருக்கும். முனையைப் பாருங்க, முனையைப் பாருங்க.

கே: மோடு படத்துல டிஸ்ப்ளேஸ்மென்ட் 1.0 காட்டுது. 1 மில்லிமீட்டரா?

இல்ல. வெறும் நார்மலைஸ் பண்ண நம்பர்.

கே: இம்பெர்ஃபெக்‌ஷன் (மாடல்ல வேணும்னே வைக்கற சின்ன வடிவக் கோணல்) எவ்வளவு போடணும்?

பேனலா சிலிண்டரான்னு சொல்லல. ஸ்டிரிங்கர் பேனல்னா ஸ்கின் தடிமன்ல 10 சதவீதத்துல ஆரம்பிச்சு கூட்டி குறைச்சு பாருங்க, கொலாப்ஸ் லோடு பெருசா ஆடாது. வெறும் சிலிண்டர்னா கதையே வேற. நாசாவோட எஸ்பி-8007 (சிலிண்டர் பக்லிங் கையேடு) ஃபார்முலாவுல ஆரம் தடிமனைப் போல 500 மடங்குன்னா கிளாசிக்கல் லோடுல (கோணலே இல்லாத சிலிண்டருக்கு தியரி சொல்றது) மூணுல ஒரு பங்குதான் கையில நிக்கும். அது 60கள்ல பழைய டெஸ்டுகளோட கீழ் எல்லையைப் பிடிச்சு போட்டது, கார்பனுக்கு பெரும்பாலும் தேவைக்கு மேல எடை ஏத்திவிடும். இன்னொண்ணு, முதல் மோடு வடிவம்தான் மோசமான வடிவம்னு எந்த சட்டமும் இல்ல.

கே: ஒட்டு பிரியறதுக்கு கொஹீசிவ் எலிமென்ட் போட்டேன், கன்வெர்ஜ் ஆகல (கணக்கு தீர்வுக்கு வரல). ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன்.

லேஅப் (அடுக்கு வரிசை) இல்ல, பவுண்டரி கண்டிஷன் இல்ல, யூனிட் இல்ல, சிவப்பு எர்ரர் மட்டும் இருக்கு. நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? இந்த மூணும் இல்லாம அனுப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. குத்துமதிப்பா சொல்றேன், மெஷ் (எலிமென்ட் கட்டம்) பெருசா இருக்கும். கிராக் முனைக்கு முன்னாடி மென்மையாகிற பகுதி கார்பன் எபாக்ஸியில மில்லிமீட்டர் கணக்குலதான் இருக்கும், அதுக்குள்ள மூணு எலிமென்டாவது வேணும், அப்படின்னா அரை மில்லிமீட்டர் அல்லது அதுக்கும் கீழ. முழு பேனலுக்கும் அப்படி மெஷ் போட்டா கம்ப்யூட்டர் தாங்காது, அதனால ஸ்டிரிங்கர் அடியிலயும் முனையிலயும் மட்டும் போடுங்க. இன்டர்ஃபேஸ் ஸ்ட்ரெங்தை குறைச்சு பெரிய மெஷ்ல ஓட்டறவங்க இருக்காங்க, ஜிஒன்சியை (ஒட்டைத் திறக்கத் தேவையான எனர்ஜி) மட்டும் தொடாதீங்க.

கே: ரிக்ஸா (லோடையும் அசைவையும் சேர்த்து படிப்படியா நகர்த்தற முறை), எக்ஸ்ப்ளிசிட்டா (நேரத்துல சின்னச் சின்ன அடியா ஓட்டற முறை)?

பக்லிங் வரைக்கும் எதுல வேணா ஓட்டுங்க. கொலாப்ஸ்னா எக்ஸ்ப்ளிசிட், ஆனா கைனெடிக் எனர்ஜி இன்டர்னல் எனர்ஜில 5 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாருங்க, கர்வ் அழகா வந்துச்சுன்னு விட்டுடாதீங்க.

கே: பெரிய கம்பெனிங்களுக்கு இதெல்லாம் தப்பாதா?

ஏன் தப்பாது? 2006ல ஏர்பஸ் ஏ380 இறக்கை டெஸ்ட்ல லிமிட் லோடுல 1.5 மடங்கைத் தொடாம 1.45 கிட்ட உடைஞ்சுது, அது பெரும்பாலும் மெட்டல் இறக்கை. கார்பன் இறக்கை வச்ச போயிங் 787ல 2009 ஜூன்ல இறக்கையும் உடம்பும் சேர்ற இடத்தை பலப்படுத்தணும்னு சொல்லி முதல் பறப்பை தள்ளிவச்சாங்க, டிசம்பர் 15க்குத்தான் பறந்துச்சு. சிக்கல் வந்த இடம் ஸ்டிரிங்கரோட முனை.