நித்தியகல்யாணிக் கஷாயம் போதுமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய், லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்றார்கள். முதல் மாத ஊசி முடிந்ததும் ரத்தத்தில் நோய் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்தியம் உண்டாம். முடி கொட்டிவிட்டது. கால் மதமதவென்று இருக்கிறது என்கிறான். "அந்த ஊசி மருந்தே நம்ம காட்டு நித்தியகல்யாணியில இருந்துதான் எடுக்கான். இலைய அவிச்சுக் கொடுத்தாப் போதும், எதுக்கு அலையுதிய?" என்கிறார் பெரியப்பா. அக்கா குழம்பிப்போயிருக்கிறாள்.

ஒரு வாசகர், சங்கரன்கோவில் பக்கம்

அன்புள்ள தம்பி,

பெரியப்பா சொன்னதில் முதல் பாதி உண்மை. உங்கள் அக்கா மகனுக்கு ஏறுகிற வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து நித்தியகல்யாணி இலையிலிருந்து வந்ததுதான். எங்கள் மானாவாரிக் காட்டிலும் போட்டிருந்தோம். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் காவல் வேண்டாம். களத்தில் காயப்போட்டு, கம்பால் அடித்து இலையை உதிர்ப்போம். அன்றைக்குச் சோறு பிசைந்தால், எத்தனை தடவை கை கழுவியிருந்தாலும் கசக்கும்.

இரண்டாம் பாதி ஆபத்து. 1952இல் ஜமைக்காவிலிருந்து இந்த இலை கனடாவுக்குப் போனது. சர்க்கரை நோய்க்கு அங்கே கஷாயம் குடிப்பார்கள் என்பதால் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது எலிகள் சில நாளில் செத்தன. வெள்ளணுக்கள் சரிந்து, கிருமி தொற்றியிருந்தது. வெள்ளணுவைக் குறைக்கிற சரக்கு, வெள்ளணு பெருகுகிற நோய்க்கு உதவுமே என்று அங்கிருந்துதான் யோசித்தார்கள். ஒரு கிலோ காய்ந்த இலையில் வின்கிரிஸ்டின் சில மில்லிகிராம்தான் தேறும். கூடவே ரத்த அழுத்தத்தை இறக்குகிற சரக்கு உட்பட எத்தனையோ கலந்திருக்கும். டாக்டர்கள் பிள்ளையின் உயரமும் எடையும் பார்த்து, ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் எதை அளப்பது?

கால் மதமதப்புக்கும் காரணம் இருக்கிறது. உடம்பின் ஓர் உயிரணு (செல்) இரண்டாகும்போது, உள்ளே மெல்லிய இழைகள் உண்டாகி மரபுச் சரக்கை இருபக்கமும் இழுத்துப் பிரிக்கும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. உயிரணு பாதியில் நின்று மடியும். ஆனால் கால்வரை ஓடும் நீண்ட நரம்புகளும் அதே மாதிரி இழைகள் வழியாகத்தான் சரக்குக் கடத்துகின்றன. அதனால்தான் மதமதப்பு. பெரும்பாலும் போகப்போகச் சரியாகும். ஆனாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சரி, நோய்தான் தெரியவில்லையே, பின் ஏன் இரண்டு வருஷம்? கோரை பிடுங்கிய வயலைப் பார்த்திருப்பீர்கள். மேலே சுத்தமாக இருக்கும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். இந்த நோயில் எலும்பு மஜ்ஜையிலுள்ள ஓர் இளம் வெள்ளணு முதிராமலே பெருகிக்கொண்டு போகிறது. கண்டுபிடிக்கும் நேரத்தில் லட்சம் கோடி அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று தப்பினாலும் நூறு கோடி. மைக்ராஸ்கோப்பில் அது கண்ணில் படாமலே போகலாம்.

இதைப் பிள்ளைகளை இழந்துதான் கற்றார்கள். 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கிய மருந்து அது. பத்துப் பேர் தேறினார்கள், சில மாதங்களுக்கு மட்டும். நோய் திரும்பிவந்தது. அறுபதுகளில் வின்கிரிஸ்டின் உட்பட நாலு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும், முதுகுத்தண்டில் வின்கிரிஸ்டின் அல்லாத மருந்து செலுத்தி மூளைப்பக்கம் ஒளிந்திருப்பதைத் துரத்தியும், வருஷக்கணக்கில் தொடர்ந்தும்தான் பிழைக்கிற பிள்ளைகள் கூடினார்கள். இன்று நல்ல சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் இடங்களில் பத்தில் எட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள்.

பெரியப்பாவை எதிர்த்துப் பேச வேண்டாம். பிள்ளை மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவரையே கூட்டிப்போங்கள், டாக்டரிடம் அவரே கேட்கட்டும். அப்புறம் ஒன்று, அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: இந்த வைத்தியத்தில் வெள்ளணு குறைந்து கிருமி எளிதில் தொற்றும் என்பதால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் வண்டி பிடித்துக் கிளம்பிவிட வேண்டும்.