தனித்தனிக் கதைகள் எப்போது எதிர்கால வரலாறாகின்றன?

ஓர் எழுத்தாளர் வெவ்வேறு காலங்களில் எழுதிய தனித்தனி அறிவியல் புனைகதைகளை எதிர்கால வரலாற்று வரிசை என்று எப்போது சொல்லலாம், அது தொடர்கதையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பனில் வளர்ந்தவன். எனக்கு இதற்கான விடை அப்பத்தாவின் கதைகளிலேயே கிடைத்தது.

அப்பத்தா சொன்ன ஒரு கதையில், ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்திறங்கியவர்கள் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். இன்னொரு நாள் சொன்ன கதையில், அந்த ரயில் நிலையத்தின் இடிந்த சுவரோரம் ஒரு பெண் சங்கு மாலை விற்றுக்கொண்டிருப்பாள். இரண்டுக்கும் நடுவில் 1964 டிசம்பர் புயல் இருக்கிறது. ஆனால் இரண்டு கதைகளிலும் புயல் வராது. இடையில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்பதைக் கேட்பவர்தாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

தொடர்கதையில் ஒரே மனிதர்களின் வாழ்க்கை அத்தியாயம் அத்தியாயமாக நகரும். எதிர்கால வரலாற்றிலோ மனிதர்கள் மாறிக்கொண்டே இருக்க, உலகம் தொடரும், ஒரு கதையில் போராடிப் பெற்ற உரிமை நூறாண்டு கழித்து நடக்கும் கதையில் யாரும் நினைத்துப் பார்க்காத வழக்கமாகியிருக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் தம் கதைகளைக் கால வரிசையில் அடுக்கிய அட்டவணை 1941 மே மாத ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வெளியானது. அதுவரை எழுதப்படாத கதைகளுக்கும் அதில் இடம் இருந்தது. நிலவுக்குப் போகத் துடித்த முதியவர் ஹாரிமன் அங்கே சென்று இறக்கும் கதை 1940இல் வந்தது. அதே ஹாரிமன் முன்பு நிலவுப் பயணத்துக்குப் பணம் திரட்டியதையும், அவர் மட்டும் போக முடியாமற்போனதையும் சொல்லும் கதை 1950இல்தான் வந்தது. பின்னதைப் படித்துவிட்டு முன்னதற்குத் திரும்பினால், அந்த மரணம் முன்பைவிடக் கனக்கிறது. இந்த வகை எழுத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இன்னோர் அமெரிக்க எழுத்தாளரான ஐசக் அசிமோவ் தம் ரோபோ கதைகளையும் விண்வெளிப் பேரரசுக் கதைகளையும் 1980களில் எழுதிய நாவல்களால் ஒரே வரலாறாக இணைத்தார். அந்த இணைப்பு எனக்குச் சற்று வலிந்ததாகவே படுகிறது, ஏனெனில் வாசகர் நிரப்பிக்கொள்ள வேண்டிய இடைவெளிகளை அவரே நிரப்பிவிடுகிறார்.

நீங்களும் எழுத நினைத்தால் எங்கள் கடலோரத்திலிருந்தே தொடங்கலாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் அருகே 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. 2150இல் நடக்கும் கதையில், கடலில் தனித்து நிற்கும் அந்தப் புதிய பாலத்தின் தூணில் ஒருவர் தம் வல்லத்தைக் கட்டட்டும். பாலத்துக்கு என்ன ஆயிற்று என்பதை வேறொரு கதைக்கு விட்டுவையுங்கள்.