முறத்து மணல்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நாலரை வயது. வீட்டிலும் ஒரு வகுப்பறை மாதிரி வைத்திருக்கிறேன். சுவரில் கால அட்டவணை, பீரியடுக்கு மணி, நட்சத்திர ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை பாடம். எழுத்துப் பயிற்சி வந்தால் மட்டும் பென்சிலை வீசிவிடுகிறான். நேரத்தை மாற்றிப் பார்க்கலாமா? வெள்ளைப் பலகை வாங்கட்டுமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

பலகை உங்கள் விருப்பம். மணியும் ஸ்டிக்கரும் வேண்டாம். பகலெல்லாம் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையை மறுபடி இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறீர்களே, உங்களுக்கே பாவமாக இல்லையா? 15 நிமிடம் போதும். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம், அதே வரிசை. வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டியது அந்த வரிசையை மட்டும்தான்.

சரி, பென்சிலுக்கு வருகிறேன். சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும், கடைசி எலும்பு தோன்ற எட்டு, ஒன்பது வயதுக்கு மேல்கூட ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோடு நோட்டில் ‘இ’ போடு என்றால் வீசத்தான் செய்வான்.

எனக்கு ‘அ’ வந்தது அப்பத்தாவின் முறத்தில். விளக்கு வைத்ததும் திண்ணையில் முறத்தை வைத்து ஆற்று மணலைப் பரப்புவாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அப்பா ஓரத்தில் எழுதிவைத்த எழுத்தின் மேல் என் விரலைப் பிடித்து ஓட்டுவாள். கோணலாக வந்தால் முறத்தை ஒரு குலுக்கு. தப்பு போய்விடும், மணல் மறுபடி புதுசு. அப்புறம்தான் சோறு. ஒரு நாளும் இந்த வரிசை மாறியதில்லை.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுதியதும் இப்படித்தான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தியவர். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதினார்கள். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவ வைத்த பிறகுதான் எழுத விட்டார். நாம் கைவிட்டதை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

இவ்வளவு தெரிந்தும் என் மகளுக்கு நான் நோட்டைத்தான் கொடுத்தேன். ஐந்து வயதில் அழித்து அழித்துத் தாள் கிழிந்து, அந்த ஓட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திட்டினேன். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

ஆற்று மணலுக்கு இன்று எங்கே போவது? ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்புங்கள். முதல் எழுத்தை நீங்கள் போடுங்கள். அழிப்பதை அவனிடம் விட்டுவிடுங்கள்.