குடி, குடித்தனம், குடியரசு

கேள்வி: நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு கற்பனைக் குடியரசை உருவாக்கி, அதன் 14 ஜனாதிபதிகளின் வரலாற்றையும் எழுதி முடித்துவிட்டேன். 6 பேர் ராணுவப் புரட்சியில் வந்தவர்கள், 3 பேர் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள். ஆனாலும் படித்துப் பார்த்த நண்பர்கள் ‘நம்பும்படியாக இல்லை’ என்கிறார்கள். கற்பனைக் குடியரசின் தலைவர்களுக்கு நம்பும்படியான வரலாறு எழுதுவது எப்படி?
- வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: கேள்வியின் நடுவில் ‘ஜனாதிபதி’ என்கிறீர்கள், கடைசியில் ‘குடியரசின் தலைவர்’ என்கிறீர்கள். உங்கள் நாட்டில் இருவருக்கும் தனித்தனி மாளிகையா?

இந்தப் பக்கத்தில் இது பழைய சண்டை. நான் ‘ஜனாதிபதி’ என்று எழுதுவேன். எங்கள் பிழைதிருத்துநர் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘குடியரசுத் தலைவர்’ ஆக்குவார். அச்சுக்குப் போகும் முன் நான் மறுபடி மாற்றுவேன், அவரும் விடமாட்டார். இந்த இழுபறியில் ஒரு இதழில் ‘குடியரசு ஜனாதிபதித் தலைவர்’ என்றே அச்சாகிவிட்டது. 11 கடிதங்கள் வந்தன. பத்துப் பேர் திட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும் அது எந்த நாட்டுப் பதவி, சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்.

இந்த ஒரு தடவை பிழைதிருத்துநரிடம் தோற்றுப்போகிறேன். காரணம் ‘குடி’ என்ற சொல். நாட்டு மக்களும் குடி, பிறந்த குடும்பமும் குடி. வீடு மாறினால் குடிபோகிறோம், கல்யாணம் ஆனால் குடித்தனம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் வரும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘ஜனாதிபதி’யில் ஜனம் மட்டும்தான் இருக்கிறது. ‘குடியரசு’க்குள் ஜனம், குடும்பம், கிளாஸ் மூன்றும் அடக்கம். அந்த மூன்று அர்த்தத்திலும் குடியரசாக இருக்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். வரைபடத்தில் அப்படி ஒரு நாடு கிடையாது. ஆனால் அதற்குத் தலைவர்கள் உண்டு, பிரதமர் உண்டு, சுங்கக் காவலர்கள் உண்டு.

பெயர் சோஜே குடியரசு. பிரான்சின் கிழக்கோரம், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் 11 ஊராட்சிகள் சேர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. தலைநகர் மோன்பெனுவா. தலைநகர் என்றதும் பெரிய ஊரை நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம்தான் அதன் மொத்த ஜனத்தொகை. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழைய துறவி மடம் ஒன்று அங்கே இருக்கிறது. மடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். குடியரசு பிறந்தது அந்த ஓட்டலில்.

1947. அந்த மாவட்டத்தின் ப்ரிஃபெக்ட், அதாவது நம்மூர்க் கலெக்டர் மாதிரியான அதிகாரி, அந்தப் பக்கம் வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குள் நுழைகிறார். ஓட்டல்காரர் ஜார்ஜ் பூர்ஷே விளையாட்டாக, சோஜே குடியரசுக்குள் வர அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். நம் ஊர் ஓட்டல்காரர் ஒருவர் கலெக்டரை வாசலில் நிறுத்தி “பாஸ் இருக்கா சார்?” என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் சமையலறை சுத்தமாக இல்லை என்று ஒரு நோட்டீஸ், சாயங்காலம் தீயணைப்புச் சான்றிதழ் எங்கே என்று இன்னொன்று. அந்த ப்ரிஃபெக்ட் அப்படிச் செய்யவில்லை. இது என்ன குடியரசு என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, ஒரு குடியரசுக்குத் தலைவர் வேண்டுமே என்று ஓட்டல்காரரையே தலைவராக நியமித்துவிட்டார்.

உங்கள் நாவலுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இல்லாத நாட்டின் முதல் தலைவரை நியமித்தவர், இருக்கிற நாட்டின் அதிகாரி. உங்கள் 14 பேரில் ஒருவராவது இப்படிச் சாப்பாட்டு மேசையில் பதவிக்கு வந்தாரா? எல்லாருக்கும் டாங்கி கொடுத்திருக்கிறீர்கள். டாங்கிக்கு டீசல் யார் போட்டது என்று வாசகன் கேட்பான்.

அதே 1947ல்தான் பாரிஸில் வின்சென்ட் ஓரியோல், புது அரசியல் சட்டத்தோடு பிறந்த நான்காம் பிரெஞ்சுக் குடியரசின் முதல் தலைவராகப் பதவியேற்றார். அவருக்குப் பின் வந்த ரெனே கோட்டியைத் தேர்ந்தெடுக்க, 1953 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றம் 13 சுற்று ஓட்டுப் போட்டது. பூர்ஷேவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போதுமாக இருந்தது. 1958ல் நான்காம் குடியரசே போய் ஐந்தாவது வந்துவிட்டது. சோஜேயில் ஆட்சியும் கவிழவில்லை, அடுப்பும் அணையவில்லை.

1968ல் பூர்ஷே காலமானார். அடுத்தது யார்? வேறு யார், அவர் மனைவி காப்ரியேல். இங்கே எங்கள் பிழைதிருத்துநர் ‘குடியரசுத் தலைவி’ என்று திருத்தப் பேனாவைத் திறப்பார். ஐயா, மூடுங்கள். தலைவி என்றால் சங்கப் பாட்டில் வளை கழன்று விழ, பசலை படர, தோழியிடம் புலம்பிக்கொண்டு தலைவனுக்காகக் காத்திருப்பவள். காப்ரியேல் அம்மாள் ஓட்டல் நடத்திய பெண்மணி. அவருக்கு எங்கே பசலை? ‘தலைவர்’ என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘ர்’ மரியாதைக்கு, மீசைக்கு அல்ல. இதை நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பிப்ரவரியில் மறுபடி சொல்வேன்.

கணவர் போன பிறகு குடியரசு கொஞ்சம் தூங்கிவிட்டது. எழுப்பியது மடம். பழைய கட்டடம், பராமரிக்கப் பணம் வேண்டும், பணத்துக்கு ஒரு விழா வேண்டும், விழாவுக்கு ஒரு கவர்ச்சி வேண்டும். ஊர்ப் பாதிரியார் போய் அம்மாளைக் கேட்டார். 1972ல் கூட்டத்தின் கைத்தட்டலை அளந்து அவரை ஆயுள் காலத் தலைவராக அறிவித்தார்கள். ஓட்டுப்பெட்டி இல்லை, மை இல்லை, மறு எண்ணிக்கை கேட்டு யாரும் கோர்ட்டுக்கு ஓடவில்லை. கைத்தட்டலில் கள்ள ஓட்டு போட முடியுமா என்றால், முடியும், சிலருக்கு உள்ளங்கை பெரிது.

ஆயுள் காலம் என்று சொன்னதை அந்த அம்மாள் சீரியஸாகவே எடுத்துக்கொண்டார். 2005ல், 99ஆவது வயதில் காலமாகும்வரை அவர்தான் தலைவர். அவர் பதவியில் இருந்தபோது, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கான எலிசே மாளிகையில் பொம்பிடூ, ஜிஸ்கார், மித்தரான், சிராக் என்று நான்கு பேர் குடியிருந்தார்கள். பிரதமர், பொதுச் செயலாளர், பழைய காலச் சீருடையில் 2 சுங்கக் காவலர்கள் எல்லாம் சோஜேக்கும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் வந்தால் காவலர்கள் வண்டியை மறித்து நுழைவுச் சீட்டு கொடுப்பார்கள். 1947ல் ப்ரிஃபெக்டிடம் இல்லாமல் போன அந்தச் சீட்டு. ஜோக்குகள் அரசாங்கத் துறையானால் இப்படித்தான், ஐம்பது வருஷம் கழித்தும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

2006ல் அடுத்த தலைவர், மகள் ஜார்ஜெத். கணவர், மனைவி, மகள்! நீங்கள் சிரிப்பது திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கே கேட்கிறது. வாரிசு அரசியலைத் திட்டி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கடிதம் எழுத உட்கார வேண்டாம். சோஜேயின் தலைவருக்கு கான்ட்ராக்ட் கொடுக்க முடியாது, இடமாற்றம் போட முடியாது, மருமகனுக்கு மணல் குவாரி எடுத்துத் தர முடியாது. விழாவில் பட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும், வந்தவனுக்கெல்லாம் கைகொடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகளில் எந்தக் குடும்பம் மூன்று தலைமுறை ஆள ஆசைப்பட்டாலும் தாராளமாக ஆளட்டும். முன்மொழிய நானே வருகிறேன்.

ஆக மக்கள் என்ற குடியும் குடும்பம் என்ற குடியும் முடிந்தது. மூன்றாவது குடியைச் சொல்லாமல் விட்டால் ஆறு மணி வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

மோன்பெனுவா வழியாக ஓடும் ஆற்றின் பெயர் ‘தூ’. முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டாம், நதியின் பெயரே அதுதான். பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் இரண்டு எழுத்துகள் கூடுதலாக வரும், உச்சரிக்கும்போது வராது. அந்த ஆற்றில் மேலே போனால் பொந்தார்லியே என்ற ஊர். ஒருவகைக் கசப்பு மூலிகை போட்டு வடிக்கும் அப்சிந்த் என்ற பச்சைச் சாராயத்துக்குப் பேர்போன ஊர். 1901 ஆகஸ்ட் 11 அன்று அங்கே இருந்த பெர்னோ ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. தொட்டிகள் வெடித்தால் ஊரே போய்விடும் என்று, ஒரு தொழிலாளி அவற்றைத் திறந்து ஆற்றில் விட்டுவிட்டார். ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். தீயணைக்க வந்த சிப்பாய்கள் தலைக்கவசத்தில் மொண்டு குடித்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. சிப்பாய்களை அறிந்தவர்கள் ஆதாரம் கேட்பதில்லை.

வேடிக்கை அதற்குப் பிறகு. ஓரிரண்டு நாளில், பல கிலோமீட்டர் தள்ளி மலையடியில் ஊற்றெடுக்கும் ‘லூ’ என்ற வேறொரு ஆற்றில் அப்சிந்த் வாசனை அடித்தது. தூ ஆற்றின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கி, பூமிக்கடியில் ஓடி, லூவாக வெளியே வருகிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். 1910ல் சாயம் கரைத்துவிட்டு விஞ்ஞானிகள் அதை உறுதி செய்தார்கள். குடியால் ஒரு குடும்பம்கூட உருப்பட்டதில்லை என்பார்கள். நிலத்தடி நீரியல் உருப்பட்டிருக்கிறது. 1915ல் பிரான்ஸ் அப்சிந்தைத் தடைசெய்தது, அதனால் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வழியில்லாமல் போயிற்று.

அதே 1910ல்தான் ஒரு பாதிரியார் சோஜேயின் வட்டார மொழியில் ஒரு பாட்டு எழுதினார். பிற்பாடு அதுவே தேசிய கீதம். நாட்டுக்கு 37 வருஷம் முன்னால் கீதம் வந்துவிட்டது. 1987ல் பிரெஞ்சு அஞ்சல் துறை மோன்பெனுவாவுக்கு ஒரு தபால்தலையும் போட்டது. தபால்தலை விஷயத்தில் நான் பலவீனமானவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்கள் தப்பித்தார்கள், இடம் போதாது.

நம்பும்படி எழுதுவது எப்படி என்றா கேட்டீர்கள்? 1920 மே மாதம், ஒரு ராத்திரி, பிரான்சின் நிஜ ஜனாதிபதி பால் தெஷானெல் (இதைத் திருத்த வேண்டாம், பிழைதிருத்துநரே, தூக்கக் கலக்கத்தில் இருந்தவருக்கு எந்தப் பெயரும் போதும்) ஓடுகிற ரயிலின் ஜன்னலிலிருந்து இரவு உடையோடு கீழே விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. தண்டவாளத்தோரம் தட்டுப்பட்ட ரயில்வே ஊழியரிடம், நான்தான் ஜனாதிபதி என்றார். ஊழியர் நம்பவில்லை. அந்த மனிதரின் இடத்தில் உங்கள் நண்பர்கள் இருந்திருந்தால் அவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தெஷானெல் பதவி விலகினார்.

சுடப்பட்ட மூவரில் இருவரைப் பிழைக்கவிடுங்கள். ஒருவருக்கு ஓட்டல் வைத்துக் கொடுங்கள், இன்னொருவரை ரயிலில் ஏற்றுங்கள். ராணுவப் புரட்சி ஆறு எதற்கு, ஒன்று போதும், அதையும் மழை நாளில் வையுங்கள். எழுதி முடித்ததும் இங்கே அனுப்பலாம். பிரசுரமாகாதவை திரும்ப வேண்டுமென்றால் போதுமான தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இணைக்க வேண்டும். அந்த 1987 தபால்தலை கிடைத்தால் உறையில் ஒட்டாதீர்கள், தனியாகவே வையுங்கள்.