கதைச்சுருக்கமாகவே முடிந்துவிடும் ரசனைக் குறிப்பு

தம்பி, பாம்பனில் இருந்து ‘லா தெர்ரா த்ரேமா’ (1948) என்ற இத்தாலியப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியது கதைச்சுருக்கமாகவே நின்றுவிட்டது என்கிறீர்கள். சப்டைட்டில் படிக்கும் கண் படத்தைத் தவறவிடுகிறது, அதுதான் காரணம். முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இடையிடையே நிறுத்திக் குறிப்பெடுத்தால் இயக்குநர் விஸ்கோந்தியின் நீண்ட ஷாட்டுகளின் ஓட்டம் அறுந்துபோகும். முடிந்ததும், விமர்சனம் எதையும் திறக்குமுன், மனதில் நிற்கும் 3 காட்சிகளை எழுதிவிடுங்கள்.

மறுநாள் அதில் ஒன்றை மட்டும் சப்டைட்டில் இல்லாமல், ஒலியில்லாமல் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, ஷாட் மாறும் வெட்டு எப்போது விழுகிறது என்று நிமிடம் நொடியோடு குறியுங்கள். நடித்தவர்கள் சிசிலித் தீவின் ஆச்சி த்ரெட்சா ஊர் மீனவர்களே. அவர்களின் வட்டாரப் பேச்சு இத்தாலியர்களுக்கே புரியாமல் பின்னணிக் குரல் சேர்த்தார்கள். வியாபாரிகள் மீனுக்கு விலை வைக்கும் இடத்தில் கோபம் வந்ததா? எந்த ஷாட்டில் என்று எழுதுங்கள். வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கிய நம் படகுக்காரர்களோடு ஒப்பிட 2 வரி போதும். நீட்டினால் படம் காணாமல் போய்விடும்.