‘கோடு ஓடலண்ணே’ என்றால் யாருக்குப் புரியும்?

கேள்வி: நண்டு கொள்முதல் கணக்குக்காக பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதிப் பழகுகிறேன். தப்பு வந்தால், சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் அண்ணனுக்கு போட்டோ எடுத்து அனுப்புவேன். அவர் பதிலே போடுவதில்லை. என் ஆங்கிலம் மட்டம் என்பதாலா? ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷும் பைத்தானும் சேர்த்து, வேலை உத்தரவாதத்தோடு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா சார்?
– பாம்பன் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. அண்ணனுக்கு அனுப்பியதை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். சாய்வாக ஒரு போட்டோ, கீழே ‘கோடு ஓடலண்ணே’. பைத்தான் தப்பைச் சொல்லும்போது விஷயம் கடைசி வரியில்தான் இருக்கும். அந்த வரி மேல் உங்கள் கட்டைவிரல்!

கடலில் இன்ஜின் நின்றால் வாக்கிடாக்கியில் ‘போட்டு ஓடல’ என்பதோடு விட்டுவிடுவீர்களா? எத்தனை பாக ஆழத்தில் நிற்கிறீர்கள், ஜிபிஎஸ் என்ன காட்டுகிறது, எல்லாம் சொல்வீர்கள்தானே? ‘கிலோ 12, விலை 300 கொடுத்தேன். 3600 வரவேண்டும், வரவில்லை’ என்று தமிழிலேயே எழுதுங்கள். கோடு என்கிற அந்தப் புரோகிராம் வரிகளையும் தப்புச் செய்தியையும் எழுத்து மாறாமல் காப்பி செய்து ஒட்டுங்கள். போட்டோவில் தெரிந்த பாதி வரிகளை வைத்து நான் ஊகிப்பது: இன்புட் (input) என்ற கட்டளை வாங்கித் தருவது எண் அல்ல, எழுத்து. கிலோ, விலை இரண்டையும் ஃப்ளோட் (float) என்ற கட்டளை போட்டு எண்ணாக்கிவிட்டுப் பெருக்குங்கள்.

போட்டோவே கூடாது என்றில்லை. ஃபைலில் நண்டு, கணவாய் என்று தமிழில் எழுதிவைத்தது திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று வையுங்கள். அதைக் காப்பி செய்து அனுப்பினால் அண்ணன் போனில் ஒழுங்காகத் தெரியும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார். அங்கே ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும், எழுத்தும் வேண்டும். கட்டம் என்றால் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். கன்னாபின்னா எழுத்து என்றால், ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம், ‘மீன்’ என்பதன் நீளம் 4 என்று பைத்தான் சொன்னால் பதறாதீர்கள். நமக்கு இரண்டெழுத்து; அது சுழியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்.

மையத்துக்காரரிடம் ‘வேலை கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார். ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இந்த மாதிரி ஆட்களில் சிலர்தான் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டை பென்டிரைவில் போட்டு விற்கிறார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒரு வரியை விளக்கச் சொன்னால் அதை வாங்கிய பையன் முழிக்கிறான். அவனைச் சொல்லி என்ன? ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டைக்கூடக் கையால் எழுதி மார்க் வாங்குகிற படிப்பு இது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும். தெருவில் எந்தப் பிள்ளையிடமாவது இருக்கும், இரவல் வாங்குங்கள்.