1961 என்று போட்டிருந்தால் அபூர்வமா?

கேள்வி: ஃபோர்ட் பகுதிக் கடையில் ஐஸ்லாந்து 100 குரோனா நோட்டு. '1961' என்றிருப்பதால் அபூர்வமாம். வாங்கலாமா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: அது அச்சிட்ட ஆண்டல்ல. 29 மார்ச் 1961 என்பது அந்நாட்டு மத்திய வங்கிச் சட்டத்தின் தேதி. 1981-இல் 100 பழைய குரோனா 1 புதிய குரோனா ஆன பிறகு வந்த முதல் வரிசை நோட்டுகளிலும் அதே தேதிதான். முன்புறம் வங்கியாளர் டிரிக்வி குன்னார்சன் படம், பின்புறம் ஹெக்லா எரிமலையும் ஆட்டு மந்தையும் இருந்தால் 1981-க்கு முந்தைய பழைய வரிசை. சாதாரணமாகக் கிடைப்பதுதான், அதிக விலை கொடுக்காதீர்கள். அபூர்வம் என்றால் 1886-இல் தொடங்கிய அரசுக் கருவூல நோட்டுகள், ஈஸ்லாந்துஸ்பாங்கி என்ற வங்கி வெளியிட்ட 1904 நோட்டுகள்.

எதை வாங்கினாலும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். இஸ்திரி போட்டு மறைத்த மடிப்பு கோடாகத் தெரியும். கழுவிய தாள் மொடமொடப்பு இழந்திருக்கும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், மும்பை மழைக்காலத்தில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறைதான் சரி.